முக்கொம்பில் இரண்டு ஆறு

கொடுமுடியில் இறங்கியதும் அவள் நேரே படித்துறைக்குப் போனாள்.

"உசரமா இருப்பாருங்க. இடது புருவத்துல ஒரு தழும்பு. இந்தப் பக்கம் வந்தாருங்களா?"

பூக்காரி யோசித்தாள். அப்படி ஒருவர் டீக்கடை எங்கே என்று கேட்டாராம்.

ஆடிப் பெருக்கன்று பவானிக் கூடுதுறையில் குளிக்க இறங்கிய கணவர் கரையேறவில்லை. அதை அவள் வழியில் யாரிடமும் சொல்லவில்லை. ஊரைவிட்டுப் போன ஆளைத் தேடுவது போலவே கேட்டாள்.

நம் ஜனங்களுக்கு 'தெரியாது' என்று மட்டும் வாயில் வராது.

மோகனூரில் ஒருவர் கோயில் வாசலில் பார்த்ததாகச் சொன்னார். முசிறிப் பரிசல்காரர், அக்கரையில் கொண்டுபோய் விட்டதே தான்தான் என்று சத்தியம் செய்தார்.

ஆற்றோடு கணவரும் ஊர் ஊராக இறங்கிக்கொண்டிருந்தார்.

உடல் கிடைக்காவிட்டால் தர்ப்பையில் உருவம் செய்து எரித்துவிடுவது வழக்கம். வெள்ளிக்கிழமை என்று கொழுந்தனார் நாள் குறித்துவிட்டார்.

எரித்த பிறகு அவர் வந்து வாசலில் நின்றால்?



முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிந்தது. இடப்புறம் கொள்ளிடம். வலப்புறம் காவிரி.

மதகு பார்க்கும் பெரியவர் அவள் சொன்ன அடையாளத்தை முழுசாகக் கேட்டுக்கொண்டார். பார்த்தேன் என்று சொல்லவில்லை.

"ஏம்மா, தண்ணியில போனவரா?"

இத்தனை ஊரில் யாரும் அதைக் கேட்கவில்லை. அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"என்னிக்கு?"

"பதினெட்டாம் பெருக்குங்க."

பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த வெள்ளத்தைப் பூரா கொள்ளிடத்துலதாம்மா திருப்பிவிட்டோம். காவேரிப் பக்கம் தேடி அலையாத."

அவள் இடப்புறம் பார்த்தாள்.

"அந்தக் கரையில என்ன ஊருங்க வரும்?"

"ஊரெல்லாம் தள்ளித்தான். மணலும் நாணலும். அப்புறம் கடல்."

"இந்தக் கரையில?"

"இதுல ஊருக்கு என்ன குறைச்சல். கும்பகோணம், மாயவரம்னு வரிசையா இருக்கு. கோயிலு, சத்திரம், சாப்பாட்டுக் கடை."

அவள் இரண்டு தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். நிறத்தில் வித்தியாசம் தெரியவில்லை.

"அவருக்குப் பசி தாங்காதுங்க" என்றாள்.



திருச்சிக்கு வந்து கும்பகோணம் வண்டியில் ஏறினாள். பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து ஜன்னலோரம் இடம் கொடுத்தார்.

வண்டி நகர்வதற்குள் அவரிடம் கேட்டுவிட்டாள்.

"உசரமா இருப்பாருங்க..."

அவர் யோசித்தார்.