மீதி இரண்டு முடிச்சு

செங்கல் அளவே இருந்த செயற்கைக்கோள் மேலே போய் மூன்று வாரமாகியும் ஒரு சத்தமும் இல்லை. சூரியப் புயலை அளந்து சொல்ல வேண்டியது அது. ஒரு சிறு குழுவின் நான்கு வருட உழைப்பு. ஆண்டெனாவை மடக்கி நைலான் நூலால் கட்டியிருந்தார்கள்; மேலே போனதும் ஒரு சூட்டுக்கம்பி அந்த நூலை அறுத்துவிட வேண்டும். விரிந்தால்தான் அது பேசும். கட்டிய அன்று வீரமணி ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு, "மீதி ரெண்டு நாத்தனார் போடணும். வாங்க கோதைக்கா," என்றான். கோதை சிரித்துக்கொண்டே போட்டாள். யாரோ வாயாலேயே கெட்டிமேளம் வாசித்தார்கள்.

இப்போது மேசைமேல் செயற்கைக்கோளின் இரட்டை இருந்தது, தரையில் சோதிப்பதற்காகச் செய்தது. முதலில் ஒரு முடிச்சோடு மட்டும் பார்த்தார்கள். கம்பி சூடானதும் நூல் அறுந்து ஆண்டெனா டப்பென்று துள்ளி விரிந்தது. இனி மூன்று முடிச்சோடு பார்க்க வேண்டும். வீரமணி புது நூலில் முதல் முடிச்சைப் போட்டு, முகத்தைப் பார்க்காமல் நுனிகளைக் கோதையிடம் நீட்டினான்.

"அன்னைக்குப் போட்ட மாதிரியே போடுங்கக்கா."

போட்டாள். கம்பி சிவந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை; அந்தச் சின்ன டப் சத்தத்துக்குக் காதை மட்டும் கொடுத்து நின்றாள்.