பெட்டிக்குப் புதுப் பூட்டு

திண்டுக்கல்லில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஞானதாஸுக்கு ஒரு வாரமாகத் தூக்கமில்லை. அவரிடம் எடிட்டராக இருந்த ரொனால்டு விலகிப்போய், எதிர்வரிசையிலேயே சொந்தமாக ஸ்டூடியோ திறந்துவிட்டான்.

“கல்யாணப் படம் அம்புட்டும் நெட்டுல மாட்டியிருக்குற அந்த ஸ்டோரேஜ் பெட்டிக்குள்ளதான் இருக்கு. அவன் வீட்டுல உக்காந்துக்கிட்டே நெட்டு வழியா அள்ளிட்டுப் போயிருவான். மொதல்ல அட்மின் பாஸ்வேர்டை மாத்துங்க” என்றாள் மனைவி ஆனந்தமேரி.

பாதுகாப்பு விஷயத்தில் ஞானதாஸ் லேசுப்பட்டவர் அல்ல. யாரும் ஒட்டுக்கேட்டுவிடக் கூடாதென்று கடைக் கதவைச் சாத்திவிட்டு, போனைக் காதில் இடுக்கிக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். மறுமுனையில் இருந்தவன் பொறுமையின் சிகரம்.

“செட்டிங்ஸுக்குள்ள வந்துட்டேன் தம்பி. பழைய பாஸ்வேர்டைக் கேக்குது, சொல்லு... ம், போட்டாச்சு. புதுசுக்கு மாதா பேரை வச்சிரவா? லேசாக் கண்டுபிடிச்சிருவாய்ங்களா? அப்ப நீயே கஷ்டமா ஒண்ணு சொல்லு.”

ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டுக் கேட்டுத் தட்டினார்.

“இப்ப உன் கம்ப்யூட்டர்ல பழசைப் போட்டுப் பாரு. திறக்கலையா? அப்பாடா! புதுசைப் போடு. திறந்துருச்சா? சூப்பரு!”

போனை வைத்துவிட்டு, கோட்டையைப் பிடித்தவர் போல மீசையைத் தடவினார். “இனி அந்த ரொனால்டு பய தலைகீழா நின்னாலும் உள்ள நுழைய முடியாது.”

“இம்புட்டுப் பொறுமையாச் சொல்லிக் கொடுத்தது யாருங்க?”

“வேற யாரு? ரொனால்டுதான். பழைய பாஸ்வேர்டு அவனுக்கு மட்டுந்தான தெரியும்!”