நான்காவது சிவப்பு

கருங்காலியில் தரணி தானே கடைந்து மாட்டிய கியர் குமிழில் அவன் உள்ளங்கை தேய்த்த பள்ளம் இருந்தது. பந்தயத்தில் அவன் இறந்த பிறகு, நொறுங்கிய சிவப்புக் காரிலிருந்து அப்பா சென்னியப்பன் எடுத்துவந்தது அது ஒன்றைத்தான். அதே மாடல் காரின் இரண்டாம் தலைமுறை வந்தபோது வாங்கி, குமிழை அதில் திருகினார். மூன்றாவதிலும் அப்படியே. ஒவ்வொரு முறையும் முகப்பு மாறியது, விளக்குகள் சிறுத்தன. கை வைத்தால் மட்டும் மகன் கைமேல் வைத்தது போலிருக்கும்.

நான்காவதற்குப் பணம் கட்டும்போது, சிவப்பு இருக்கிறதா என்று மட்டுமே கேட்டிருந்தார். இன்று ஷோரூம் வாசலில் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சை வைத்தாயிற்று. சட்டைப் பையிலிருந்து குமிழை எடுத்துக்கொண்டு உள்ளே குனிந்தார்.

“ஏனுங் அம்மிணி, கியர் ராடு எங்கீங்க?”

“இதுல ராடே இல்லீங்க சார். பட்டன்தான். மிச்சத்தக் காரே பாத்துக்கும்,” என்றாள் விற்பனைப் பெண்.

“ராடு வெச்சது ஒண்ணு கெடைக்காதுங்களா?”

“நிறுத்திட்டாங்க சார்.”

மனைவி மயிலாத்தாள் அவர் கையிலிருந்த குமிழை வாங்கிக்கொண்டாள். “ஏறுங்க, போலாம்.”

எலுமிச்சைகள் நசுங்கின. மேட்டில் வண்டி முனகியதும் அவருடைய இடது கை பழக்கத்தில் நீண்டு வெறுமையைத் துழாவியது. பக்கத்து இருக்கையிலிருந்த மயிலாத்தாள், குமிழைப் பொத்திய கையை அதற்கு அடியில் கொடுத்தாள். அவர் இரண்டாவது கியருக்கு இழுத்தார். அவள் கையும் கூடவே பின்னால் வந்தது.