கிழட்டு ஆட்டு முட்டி

"பாய், நல்ல கிழட்டு ஆட்டு முட்டியா நாலு குடுங்க."

தாராவியில் ஞாயிற்றுக்கிழமைக் காலை. கறிக்கடை முழுக்கக் கூட்டம். புத்தியுள்ள யாராவது அந்த நேரத்தில் இப்படிக் கேட்பார்களா? ரெபேக்கா கேட்டாள். வயசானால் மூட்டுக் குருத்தெலும்பு ஏன் தேய்கிறது என்று ஆராய்ச்சி பண்ணுகிறவள். படிப்பு அபாரம், சமர்த்துதான் கொஞ்சம் குறைச்சல்.

ஷாகுல் ஹமீது பாயின் கத்தி அந்தரத்தில் நின்றது.

"என்ன கேட்டே? நம்ம கடையில கிழடா? இங்க வெட்டுறது ஏக்தம் குட்டி, சுத்தமான இளங்குட்டி!"

"எல்லாரும் இதையேதான் சொல்லுதாங்க பாய். சயான் வரைக்கும் ஒன்பது கடை ஏறி இறங்கிட்டேன். இந்த ஏரியாவுல ஆட்டுக்கு வயசே ஆகாதா?"

"மத்தவன் கதை நமக்கு எதுக்கு? நம்ம கடையில குட்டிதான்."

வாய் கூசாமல் புளுகுகிறாரே மனுஷன்! ரெபேக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"குட்டி முட்டி லேபுல குவிஞ்சு கிடக்கு பாய். கிழடையும் பக்கத்துல வச்சுப் பார்த்தாத்தான், தேய்ஞ்சதைத் திரும்ப வளர்க்க வழி தெரியும். வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டு போகலன்னா என்னைய வேலைய விட்டே தூக்கிருவாங்க."

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அத்தனை பேர் நடுவிலும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேவினாள்.

பாய் தலையைச் சொறிந்தார். அந்தப் பக்கம் பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார். பிறகு குனிந்து மெல்லச் சொன்னார்.

"அழாத பிள்ள. இந்தா, இந்த நாலும் கிழடுதான். எட்டு வயசு இருக்கும். வெளிய சொல்லிராத."

'அப்படி வாங்க வழிக்கு!' என்று நினைத்துக்கொண்டே ரெபேக்கா பையை வாங்கினாள்.

மெல்லத்தான் சொன்னார். ஆனால் பக்கத்தில் கறி வாங்கிக்கொண்டு நின்றது, வாயில் எதுவும் தங்காத லூர்து மேரி அக்கா ஆயிற்றே!

"நான் அப்பவே நெனச்சேன்! ஆறு விசில் வச்சும் வேகலியேன்னு!"

வாங்கின அரைக் கிலோவைத் திருப்பி வைத்துவிட்டு, எதிரே இருந்த உதுமான் கடைக்கு நடையைக் கட்டினாள். அவள் பின்னாலேயே கூட்டமும் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை லேபிலிருந்து நேராகக் கடைக்கு வந்து நின்றாள் ரெபேக்கா. பாய் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன பாய் இது? மைக்ராஸ்கோப்புல வச்சுப் பார்த்தா நாலும் ஒரு வயசுகூட ஆகாத குட்டி! லேபே கைகொட்டிச் சிரிக்குது!"

"ஆமா, குட்டிதான். மொதல்லயே சொன்னேன்லா."

"அப்புறம் எதுக்குக் கிழடுன்னு பொய் சொன்னீங்க?"

"நீ அழுதியே பிள்ள. வேலை போயிரும்னியே. எனக்குத் தாங்கல. நீ என்னத்தையாவது லேபுல கொண்டு காட்டிப் பொழச்சுக்கிடுவேன்னு நெனச்சேன்."

அப்போதுதான் ரெபேக்கா காலிக் கடையைச் சரியாகப் பார்த்தாள். விற்காத கறி அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு அவமானமாக இருந்தது.

"என்னால உங்க வியாபாரம் போச்சே பாய்..."

பாய் கத்தியைத் துடைத்துக் கீழே வைத்தார்.

"முப்பது வருஷமா உண்மையச் சொல்லுதேன், ஒருத்தரும் நம்பல. ஒரே ஒரு பொய் சொன்னேன், மொத்தத் தாராவியும் நம்பிட்டு!"