கயிறு எட்டும் ஆழம்

மிதவையிலிருந்து தொங்கும் வெப்பமானியில் படிந்த பாசியைச் சுரண்டிக் கழுவுவதுதான் அந்தத் தீவில் ஜெரோமின் வேலை. கை ஓய்ந்து படகில் உட்கார்ந்தவன், கைபேசியை வாயருகே வைத்து அக்காவிடம் பேசினான்.

"இன்னைக்கும் முப்பத்திரெண்டு டிகிரிக்கா. பவளமெல்லாம் வெளுக்குது. இந்த வாரம் சூடு எறங்கலன்னா யாரும் போகாம பாறைய மூடிட்டு, என்னைய மாதிரி புதுசா வேலைக்கு வந்தவங்கள ஊருக்கு அனுப்பிருவாங்களாம். அம்மாட்ட சொல்லிராத."

"கயித்த ரெண்டு பாகம் கூட விடுல. அடித்தண்ணி குளுந்துதான கெடக்கும்? பெரிய அரிச்சந்திரன் பேரன்!"

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு முடிச்சை அவிழ்த்தான். இரண்டு பாகம், பன்னிரண்டு அடி, விட்டுக் காத்திருந்தான். மிதவையின் சின்னத் திரையில் அதே எண். இன்னும் இரண்டு விட்டான். எண் அசையவில்லை. நங்கூரக் கயிற்றின் மிச்சத்தையும் சேர்த்துக் கட்டி இறக்கினான். வெளுத்த பவளங்களைத் தாண்டிப் போய், வெப்பமானி மணலில் சாய்ந்தது.

"விட்டியால?"

"தரை தட்டிருச்சுக்கா. அங்கயும் அதே சூடுதான்."



"அப்போ மீனெல்லாம் எங்கல போவும்?" என்றாள்.