கொழுப்புத் துண்டு

"அந்தக் கொழுப்புத் துண்டைத் தொடாதீங்க!"

கோலாலம்பூர் சைனாடவுன். கூட்டம் நெரியும் பன்றிக்கறிக் கடை. கொக் வெங்கின் சாப்பாட்டுக் குச்சிகள் அந்தரத்தில் நின்றன.

"ஒண்ணே ஒண்ணும்மா."

"வயித்தப் பாருங்க, மேசையை இடிக்குது. டாக்டர் பார்த்தா மயக்கம் போட்டு விழுவார்."

"இந்தத் தெருவுக்கு வந்து கீரை தின்னா நாய்கூடச் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். நாய்க்கு ரத்தக்கொதிப்பு இல்ல."

எதிரே உட்கார்ந்திருந்த மெய் யோக் கறித் தட்டைப் பிடுங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டு, கீரைத் தட்டை அவர் முன் தள்ளினார்.

"வீட்லதான் நிம்மதி இல்ல, கடையிலயுமா?" முனகிக்கொண்டே கொக் வெங் கீரையை மென்றார்.

அப்போது ஒரு பெண்மணி கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"காரை நிறுத்த இடம் தேடியே உயிர் போச்சு. நீங்க என்னடான்னா..." கொக் வெங்கின் வாயில் தொங்கிய கீரையைக் குனிந்து பார்த்தார். "கட்டின நாள்லேருந்து நான் கெஞ்சியும் தொடாத கீரையா? யாருங்க இவங்க?"

"யாருக்குத் தெரியும்? காலி நாற்காலி கிடைச்ச இடத்துல உட்கார்ற கடை இது. வந்து உட்கார்ந்தாங்க. அப்பலேருந்து திட்டுறாங்க."

மெய் யோக்கின் கையைக் கொக் வெங்கின் மனைவி பிடித்துக்கொண்டார். "உங்க வீட்டுக்காரர் குடுத்து வெச்சவர்ங்க!"

"அவரா? சேர்ந்து உட்கார இடம் கிடைக்கல. அதோ, மூலையில இருக்கார்."

மூலையில் ஒருவர், இந்தப் பக்கம் தலையைக்கூடத் திருப்பாமல், மூன்றாவது தட்டுக் கொழுப்புக்கறியைக் கண்மூடி மென்றுகொண்டிருந்தார்.