மூலையில் ஒரு முட்டை

“முட்டை மாதிரி இருக்கு சார்,” என்றார் டிவி மெக்கானிக்.

திரை முழுக்க வெறும் சாம்பல் நிறத்தை வரவழைத்துவிட்டு, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். வலது பக்கக் கீழ் மூலையில், துடைத்தும் போகாத கறை போல ஒரு நீள்வட்டம் மங்கலாகத் தெரிந்தது.

“வாங்கி ஒரு வருஷம்கூட ஆகலைங்க,” என்றான் மகன்.

“டிவி மேல தப்பில்ல சார். இதுல ஒவ்வொரு புள்ளியும் தானே எரியிற குட்டி விளக்கு. ஒரே படம் ஒரே இடத்துல நின்னுட்டே இருந்தா அங்க இருக்கற விளக்கு மட்டும் சீக்கிரம் தேஞ்சிடும். அதுக்கும் வழி இருக்கு. ரிமோட்ல அணைச்ச பிறகு டிவி சும்மா தூங்காது. எந்தப் புள்ளி எவ்வளவு தேஞ்சிருக்குன்னு அளந்து பாத்து, தேஞ்சதுக்குக் கொஞ்சம் கூடுதலா கரண்ட் குடுத்து சரிக்கட்டிடும். உங்க வீட்டுல அது நடக்கவே இல்ல. சுவத்து சுவிட்சை யாரு அணைக்கிறது?”

மகன் சமையலறைப் பக்கம் பார்த்தான்.

“நான்தான்,” என்று அம்மாவின் குரல் வந்தது. “பாக்காத நேரத்துல எதுக்குக் கரண்ட் வீணாப் போகணும்?”

“நீ பாக்கற நேரம்னு வேற ஒண்ணு உண்டா? டிவி பக்கமே போறதில்லைன்னு சொல்லுவியே!”

பதிலுக்கு ஒரு பாத்திரம் மட்டும் ணங்கென்றது.

இன்றைக்குப் பார்த்தா இப்படி ஆக வேண்டும்? இன்னும் கொஞ்ச நேரத்தில் அவனுக்கு நிச்சயமான பெண் வருகிறாள். அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, கைகளால்தான் பேசுவாள். அவளோடு சண்டை போடவாவது வேண்டுமே என்று அவனும் அந்தப் பேச்சைக் கற்றிருந்தான்.

அம்மாதான் அசையவில்லை. அந்தப் பெண் வந்தபோதெல்லாம் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் சொருகிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ‘வா’ என்று ஒரு கையசைப்புகூடக் கிடையாது. போன தடவை படியிறங்கும்போது அந்தப் பெண் அவனிடம் கைகளால் தீர்த்துச் சொல்லிவிட்டாள்: ‘சிலைக்கு எதிரே எவ்வளவு நேரம் உட்கார முடியும்? அடுத்த தடவையும் இப்படித்தான் என்றால் நாம் தனி வீடு பார்த்துவிடலாம்.’

“அம்மா, இன்னைக்காவது அவளைப் பாத்து ஒரு சிரிப்பு சிரி. காசா பணமா?”

“எனக்குத் தெரியும். உன் வேலையைப் பாரு.”

இதற்குள் மெக்கானிக் திரைக்கு மூக்கு முட்டும் அளவுக்குக் கிட்டே போயிருந்தார்.

“சார், இது என்னன்னு தெரிஞ்சுபோச்சு! செய்தியில மூலையில ஒரு அம்மா நின்னு, காது கேக்காதவங்களுக்குக் கையாலயே சொல்லுவாங்கல்ல? அவங்களைச் சுத்தி இருக்கற வளையம். சும்மா ஓடவிட்டா இவ்வளவு தேயாது. யாரோ படத்தை நிறுத்தி நிறுத்தி வெச்சுப் பாத்திருக்காங்க. நீங்களா சார்?”

“நான் எதுக்குப் பாக்கணும்? எனக்குத்தான் அந்தப் பேச்சு தெரியுமே.”

சொன்ன வாய் மூடுமுன் அவனுக்கு உறைத்தது. ரிமோட்டில் அணைத்தால், அடுத்த முறை டிவி விட்ட இடத்திலேயே கண் விழிக்கும். சுவிட்சையே அணைத்துவிட்டால் முதல் பக்கத்திலிருந்து தொடங்கும். யார் எதைப் பார்த்தார்கள் என்று ஈ காக்கைக்குத் தெரியாது.

மகன் சமையலறை வாசலில் போய் நின்றான்.

“அம்மா...”

“என்னடா அம்மா? அரைகுறையாக் கத்துக்கிட்டு, அந்தப் பொண்ணு முன்னாடி எதையாவது ஆட்டி வெச்சு, சிரிப்பாச் சிரிக்கச் சொல்றியா? அவ பேசப் பேச எனக்குக் கை தானா எழும்புது. அதான் அமுக்கி வெச்சுக்கிட்டேன்.”

“என்கிட்ட கேட்டிருக்கலாமே!”

“உன்கிட்டயா? கார் ஓட்டச் சொல்லிக்குடுத்த லட்சணத்தைத்தான் பாத்தேனே.”

மெக்கானிக் சிரிப்பை அடக்கிக்கொண்டு பையை மூடினார். “இனிமே ரிமோட்டோட நிறுத்திக்குங்கம்மா. சுவிட்சைத் தொடாதீங்க. அதுவே கொஞ்சம் கொஞ்சமா சரிக்கட்டிடும்.”

அவர் வெளியேறவும், அந்தப் பெண் குடையை உதறி மடக்கிக்கொண்டு உள்ளே வரவும் சரியாக இருந்தது.

அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நேராக அவள் முன்னால் போய் நின்றாள். கைகளை மார்பளவுக்குத் தூக்கி, பள்ளிக்கூட மேடையில் ஒப்பிப்பது போல, ஒவ்வொரு சைகையாகச் செய்து முடித்தாள்.

அந்தப் பெண்ணின் கண்கள் விரிந்தன. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“என்னடா, தப்பா?”

“தப்பே இல்லம்மா. வெளிநாட்டு அதிபருக்கு விமான நிலையத்தில் உற்சாக வரவேற்புன்னு சொல்லியிருக்கே.”

“பின்ன? வரவேற்பு அதுலதானே வந்தது!”

அதிபர் முகத்தைக் கறாராக வைத்துக்கொண்டு, இல்லாத கூட்டத்துக்குக் கையசைத்தபடி கூடத்தைக் கடந்து போய் நாற்காலியில் அமர்ந்தார். அமர்ந்ததும் கைகளால் ஏதோ சொன்னார். மகன் மொழிபெயர்க்க வாயெடுத்தான்.

“நீ சும்மா இரு, எனக்கே புரியுது. வழியெல்லாம் கனமழையாம்.”

அம்மா தேநீர் ஊற்றத் திரும்பிய நேரம் பார்த்து, மகன் இடுப்பளவில் கையை வைத்து, ‘தனி வீடு?’ என்று கேட்டான். அந்தப் பெண் ஒரு கையைக் கீழே தள்ளி, ‘அதை விடு’ என்றாள்.

“எந்த வீடுடா இடிஞ்சு விழுந்தது?” என்றாள், இருவர் கைகளையும் ஓரக்கண்ணால் பார்த்துவிட்ட அம்மா, கோப்பைகளோடு.

“எந்த வீடும் இல்லம்மா.”

சாம்பல் நிறத் திரை இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அம்மா ரிமோட்டை எடுத்து அணைத்தாள். பழக்க தோஷத்தில் அவள் கை சுவர் சுவிட்சுக்குப் போனது. பாதி வழியில் திரும்பி வந்து, தேநீர்க் கோப்பையை எடுத்து மருமகளிடம் நீட்டியது.